அப்பத்தா முழம் போட்ட யானை... தெரியுமா?

ஒரு யானை எத்தனை அடி உயரம் என்று சொல்ல ஏணி வேண்டாம். டேப் வேண்டாம். யானையே எதிரில் நிற்க வேண்டாம்! அது மிதித்துவிட்டுப் போன ஈர மண் இருந்தால் போதும், தெரியுமா?

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் 78 வயதில், முதுமலையில், மூட்டுவலியை மறந்து மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து! அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் நாங்கள் எப்பேர்ப்பட்ட கூட்டம் என்று சொல்லிவிட வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வேனில் 13 பேர். பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உப்பு கேட்டால்கூடக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். சித்தப்பா பிரியாணிக் கடை வைத்திருப்பவர். போனில் பேசினாலும் அடுப்படிக்கு ஆர்டர் சொல்வது போலத்தான் வரும். அத்தையும் மாமாவும் சண்டை போடுகிறார்களா, சாதாரணமாகப் பேசுகிறார்களா என்று இருபது வருஷமாக எங்களுக்கு விளங்கவில்லை. பெரியம்மா, சித்தி, நான், பிள்ளைகள் ஐந்து. இந்தப் படையைக் கூட்டிக்கொண்டு, வாயே திறக்கக் கூடாத ஒரு இடத்துக்குப் போகலாம் என்று யோசனை சொன்னது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

மலை ஏறும் இடத்துச் சோதனைச் சாவடியிலேயே முதல் பாடம். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சித்தி அடுக்கி வைத்திருந்த இரண்டு டஜன் பாட்டில்களும் அங்கேயே இறங்கின. அப்பத்தா மட்டும் தன் எவர்சில்வர் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். மிச்ச வழி முழுக்க 13 பேருக்கும் அந்தக் கூஜாதான்.

முதுமலை என்றால் பழைய மலை. பெயருக்கேற்ற மாதிரி, காட்டுயிர்ச் சரணாலயம் என்று தென்னிந்தியாவில் முதன்முதலில் அறிவிக்கப்பட்ட இடமும் இதுதான், 1940-ல்! அதில் ஒரு பகுதி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. 2007-ல் மொத்தமும் புலிகள் காப்பகம். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. மூன்று மாநிலங்களும் நடுவில் கோடு போட்டுக்கொண்டது நமக்குத்தான், யானைக்கு இல்லை. உலகத்தில் ஆசிய யானைகள் மிக அதிகமாகச் சேர்ந்து வாழும் பெருங்காட்டின் நடு முற்றம் இது.

காலையில் முதல் வேலையாகத் தெப்பக்காடு யானை முகாமுக்குப் போனோம். மாயாற்றங்கரை. கவளம் கொடுக்கிற நேரம்.

கவளம் என்றால் நாம் சோற்றுருண்டை என்று நினைக்கிறோம். அங்கே போய்ப் பார்க்க வேண்டும்! ராகி, அரிசி, கொள்ளு எல்லாம் வெந்து, செங்கல் மாதிரி கட்டி கட்டியாக மேடையில் ஆவி பறக்கிறது. அதில் வெல்லம், உப்பு, தாதுப்பொடி. ஒரு யானைக்குப் போட்டதை இன்னொரு யானைக்குப் போடுவதில்லை. வயசு, உடம்பு, வேலை பார்த்து மருத்துவர் சொல்கிற அளவுதான். மாவுத்தன் இரண்டு கையாலும் உருட்டி உருட்டிப் பிசைந்து, பனங்காய் அளவுக்கு ஒன்றைத் தூக்கினார். யானை தும்பிக்கையை நெற்றிக்கு மேலே சுருட்டி வாயைத் திறந்தது. உள்ளே வெளிர் சிவப்பில் நாக்கு. உருண்டையை நேரே நாக்கின் மேல் வைத்தார். அவ்வளவுதான், காணோம். என் சித்தப்பா, ஒரு நாளைக்கு எத்தனையோ அண்டா இறக்குகிற மனிதர், கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதம் பாத்தியா, கையில ஒட்டவே இல்ல" என்றார். தொழில்காரன் கண்!

தும்பிக்கையில் ஓர் எலும்பும் இல்லை, தெரியுமா? எல்லாம் தசை. 40,000 தசைகள் என்று ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். பெர்லின் ஆய்வாளர்கள் ஒரு குட்டி ஆசிய யானையின் தும்பிக்கையை நுண்மையாகப் படம்பிடித்து எண்ணி, 2023-ல் வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 90,000 தசைக்கற்றைகள்! நம் உடம்பு மொத்தத்தையும் சேர்த்தாலும் தசைகள் அறுநூற்றுச் சொச்சம்தான். இதற்கும் மேலே ஒன்று. தும்பிக்கை காற்றை உறிஞ்சும் வேகம் நொடிக்கு 150 மீட்டர் வரை போகும் என்று 2021-ல் அமெரிக்காவில் ஒரு யானையை வைத்துக் கணக்கிட்டார்கள். மணிக்கு 540 கிலோமீட்டர்! அதே யானைக்கு முன்னால் மெல்லிய சோளச் சிப்ஸ் ஒன்றை வைத்தார்கள். உடையாமல் எடுத்துச் சாப்பிட்டது. நம் வீட்டுப் பந்தியில் ஓர் அப்பளத்தை உடையாமல் பரிமாற மூன்று பேர் மல்லுக்கட்டுகிறோம்.

இன்னொன்று சொன்னால் பெரியப்பா இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். முகாம் யானைகளுக்கு ஓய்வு வயது உண்டு, 58! அதற்குப் பிறகு கும்கி வேலை கிடையாது, ரோந்து கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்துவிடும். "நான் அறுபது வரைக்கும்ல பாத்தேன்!" என்று பெரியப்பா கிளம்பினார். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 60. ஆக, யானைக்கு இரண்டு வருஷம் லாபம்.

அப்படி ஓய்வுபெற்றவர்களில் ஒருவன் மூர்த்தி. அவன் கதை கேட்டால் முதுகு சில்லிடும். மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண். ஆசிய யானையில் ஆணுக்குத்தான் தந்தம்; அதிலும் சில ஆண்களுக்கு வளர்வதே இல்லை. இந்த மூர்த்தி காட்டில் திரிந்த காலத்தில் கேரளத்திலும் கூடலூர்ப் பக்கமும் 20 பேருக்கு மேல் கொன்றவன். 1998-ல் பிடித்தார்கள். பிடித்துக் கொண்டுவந்து மருந்து போட்டு, கவளம் கொடுத்து, பேச்சுக் கொடுத்து... அவன் தெப்பக்காட்டிலேயே சாதுவான யானைகளில் ஒருவனாகிப்போனான்! மாவுத்தன் வீட்டுப் பிள்ளைகள் அவன் காலடியில் விளையாடினார்கள். அவனுக்கு வைத்த பெயர் யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயர். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை படித்தவர்களுக்கு அந்த டாக்டர் கே யார் என்று தெரியும். மூர்த்தி 2024-ல் இறந்தான்.

ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தின் பொம்மனும் பெள்ளியும், அவர்கள் வளர்த்த குட்டி ரகுவும் இந்த முகாமைச் சேர்ந்தவர்கள்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பெள்ளி 2023-ல் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமனம் பெற்றார் என்பது தெரியுமா? காவடி என்றால் தோளில் எடுப்பது இல்லை. மாவுத்தனுக்கு உதவியாக யானையைப் பார்த்துக்கொள்பவர். "பொம்பளைக்குக் குடுத்துட்டாங்களா, நல்லது" என்றார் அப்பத்தா. வேறொன்றும் சொல்லவில்லை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் 40 வருஷம் தனியாகக் கடை போட்டு ஐந்து உருப்படிகளைக் கரையேற்றியவர்.

இப்போது அந்த முழக்கதை.

கும்கி ஒன்று ஆற்றில் குளித்துவிட்டு நாங்கள் நின்ற பாதையைக் கடந்து போனது. பின்னால் போன காவடி, இளம்பையன், எங்கள் பிள்ளைகள் தடத்தைப் பார்த்து வாய்பிளப்பதைக் கண்டு நின்றார். வட்டமாக இருப்பது முன்னங்கால், கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பது பின்னங்கால் என்று காட்டினார். அப்புறம் சொன்னார்: "முன்னங்கால் தடத்தைச் சுத்தி அளங்க. அதை ரெண்டால பெருக்குனா தோள் உசரம் வந்துரும்."

எல்லோரும் போனில் ஏதோ ஒரு அளவு ஆப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பத்தா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு மாத்திரை அட்டை, அதற்கடியில் ஒரு சுருள் வாழைநார். பூ விற்பதை விட்டுப் பல வருஷம் ஆகியும் அந்த நார் மட்டும் பையை விட்டுப் போகவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, நாரைத் தடத்தின் விளிம்போடு விளிம்பாக, மாலை கட்டுகிற அதே பொறுமையோடு வளைத்துப் போட்டார். முனை தொட்ட இடத்தில் நகத்தால் கிள்ளினார். எடுத்து முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஒண்ணு, ரெண்டு, மூணு.

"மூணு முழம்."

முழம் ஒன்றரை அடி என்றால் நாலரை அடி. இரண்டால் பெருக்கினால் ஒன்பது அடி!

காவடி சிரித்தார். "ஒம்பதுக்கு ரெண்டு மூணு அங்குலம் கம்மி பாட்டி. மத்தபடி சரி."

பெரியப்பா விடுவாரா? "அந்த ரெண்டு மூணு அங்குலந்தான் எங்காத்தாவுக்கு நாப்பது வருஷ லாபம்!" என்றார், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். அக்கம்பக்கத்துச் சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. அப்பத்தாவும்தான்.

மதியம், மசினகுடிப் பக்கம் தங்கியிருந்த விடுதி வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் நாலைந்து கரும்புள்ளிகள் வட்டமடித்தன. இறக்கை அடிப்பே இல்லை. தரை சூடேறி வெப்பக் காற்று மேலே எழும்பும் நேரத்தில், அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் மிதக்கிற பறவை. "பருந்து" என்றார் மாமா. விடுதிச் சமையல்காரர் கரண்டியை நீட்டித் திருத்தினார்: "பாறு சார். பொணந்தின்னிக் கழுகுன்னு சொல்வீங்கல்ல, அது."

பாறு! எவ்வளவு பழைய தமிழ்ச் சொல். அதைவிட இந்தக் காலக் கதைதான் பகீர் என்கிறது. அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த மாத்திரை அட்டை ஒன்றின் பெயர் டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு. அந்த மருந்துதான் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளை வாரிக்கொண்டு போனது, தெரியுமா?

நம் மூட்டுவலிக்கு அது சமர்த்தாகவே வேலை பார்க்கும். ஆனால் ஒரு காலத்தில் மாட்டுக்கும் வலி, காய்ச்சல் என்றால் இதையே ஊசியாகப் போட்டார்கள். அந்த மாடு செத்தால், சடலத்தில் மருந்து மிச்சமிருக்கும். தின்ற பாறுவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்பெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிந்து, சில நாளில் கழுத்துத் தொங்கி விழுந்துவிடும். கூட்டமாகத் தின்கிற பறவை, கூட்டமாகவே செத்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது! என்னவோ தொற்றுநோய் என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, 2004-ல்தான் காரணம் இந்த மருந்து என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் பிடிபட்டது. 2006-ல் இந்தியாவில் கால்நடைக்கு அதைப் போடத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய ஊசிக்குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தக் குப்பியையே 3 மில்லியாகச் சுருக்கினார்கள்.

தென்னிந்தியாவில் இவை இன்னும் நல்ல எண்ணிக்கையில் கூடு கட்டுகிற முக்கியமான இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களின் உச்சியில் கட்டுகின்றன. மேலே வட்டமடித்தது ஏதோ நாலைந்து பறவை இல்லை. ஆயிரத்துக்கு ஒன்றாகப் பிழைத்தவற்றின் வாரிசுகள்! அப்பத்தா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாக்குக்கு அடியில் திரும்ப வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு வனத்துறை பஸ். ஏறும்போதே வழிகாட்டி சொல்லிவிட்டார்: இறங்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, சத்தம் கூடவே கூடாது. அத்தையும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் கால்மணி நேரம் ஒன்றுமே இல்லை. இருபக்கமும் உண்ணிச்செடிப் புதர். அழகுக்கு வைக்கலாம் என்று 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு நாட்டுக் காடுகளையே மென்று கொண்டிருக்கிறது. ஆனால் கேளுங்கள், இந்தச் செடியின் குச்சியை வேகவைத்து வளைத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் ஆளுயரத்துக்கும் மேலே யானை செய்கிறார்கள்! நூற்றுக்கு மேற்பட்ட உண்ணிச்செடி யானைகள் கப்பலேறி 2021-ல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. அப்புறம் அமெரிக்காவும் போயின. எங்கள் வீட்டில் இன்னும் யாரும் கடல் தாண்டவில்லை.

இந்தக் காட்டுக்குள் 50 ஹெக்டேர் அளவில் ஒரு துண்டு இருக்கிறது. அதற்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, தெரியுமா? ஆதார் அட்டை மாதிரி! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள், யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் தலைமையில் 1988-ல் தொடங்கி, எது செத்தது, எது முளைத்தது என்று வருஷாவருஷம் கணக்கெடுக்கிறார்கள்.

"காட்டெருமை!" என்று சித்தப்பா கத்த, வழிகாட்டி திரும்பி முறைத்தார். எருமை இல்லை, காட்டுமாடு. சங்கத் தமிழில் ஆமா. முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். ஆண் ஒரு டன் வரை போகும். உலகத்தின் மிகப் பெரிய காட்டு மாட்டினம் இதுதான்! அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசைபோடத் திரும்பிக்கொண்டது.

அப்புறம் ஓர் இடத்தில் ஓட்டுநர் சட்டென்று இன்ஜினை அணைத்தார். மேலே மரத்தில் ஒரு மந்தி, இருமுவது போல ஒரு சத்தம். கீழே புள்ளிமான் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் தலை திருப்பி, ஒரு கால் தூக்கி நின்றது. "கால் வருது" என்றார் ஓட்டுநர், கிசுகிசுப்பாக.

"யாரு காலு?" என்றார் அப்பத்தா. காலையில் கால் அளந்த கை ஆயிற்றே!

காட்டுக்காரர்கள் மொழியில் கால் என்றால் எச்சரிக்கைக் குரல். மந்திக்கு மேலிருந்து பார்வை. மானுக்குக் கீழிருந்து மூக்கும் காதும். மந்தி தின்று கீழே உதிர்க்கிற இலை, காய் மானுக்கு விருந்து. பதிலுக்கு இரண்டும் ஒன்றின் குரலை ஒன்று நம்பி ஓடும். புலியோ சிறுத்தையோ கிளம்பினால் தகவல் மரத்துக்கு மரம் போகிறது, எங்கள் தெருவில் கல்யாணம் நின்றுபோன செய்தி போவதைப் போல! இதில் ஒரு புரட்டுக்காரனும் உண்டு. துடுப்புவால் கரிச்சான். வாலில் இரண்டு கம்பி நீண்டு நுனியில் துடுப்பு மாதிரி இருக்கும். அந்தப் பறவை, இந்தப் பறவை என்று பலரின் குரலை மிமிக்ரி செய்யும், வல்லூறு குரல்கூட!

காட்டுக்குள் போனால் அமைதி என்று எழுதுகிறவர்களை இனிமேல் நான் நம்பப் போவதில்லை. ஏனென்றால் அடுத்து வந்தது யானைக் கூட்டம். ஐந்து பெரிசு, ஒரு குட்டி. மூத்த பெண் முன்னால். ஒரு குரல் இல்லை, ஒரு பிளிறல் இல்லை. பஸ்ஸிலும் மூச்சுச் சத்தம் மட்டும். எவ்வளவு அமைதி என்று நினைத்தேன்.

அமைதியா? அவை அப்போது பேசிக்கொண்டே இருந்திருக்கலாம், தெரியுமா?

1984-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் உயிரியல் பூங்காவில் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி ஆசிய யானைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதுவரை திமிங்கிலங்களின் பாட்டைக் கேட்டு ஆராய்ந்தவர். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் காற்று துடிப்பது மாதிரி உடம்பில் ஓர் அதிர்வு. சின்ன வயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கனின் அடிக்குரல் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபோது உணர்ந்த அதே அதிர்வு! பெரிய மேளம் அடிக்கும்போது நமக்கு நெஞ்சுக்கூடு அதிருமே, அது போல என்று வையுங்கள். ஒலிப்பதிவை எடுத்துப் பார்த்தால், யானைகள் நொடிக்கு 14 முதல் 24 அதிர்வு என்ற தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தன. நம் காது 20-க்குக் கீழே செவிடு. அந்தத் தாழ்குரல் மரம், புதர் எல்லாம் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் போகும்!

இதைக் கேளுங்கள். ஆப்பிரிக்க யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்று 2024-ல் கென்யாவில் நடந்த ஆய்வு சொல்கிறது. ஒரு யானைக்கான அழைப்பைப் பதிவு செய்து அதற்கே ஒலிக்கவிட்டால், வேறு யானைக்கான அழைப்பைக் கேட்பதைவிடச் சட்டென்று வருகிறது, பதில் சொல்கிறது. ஆசிய யானைக்கும் இதே வழக்கம் உண்டோ என்று கேட்டபடி பெரியம்மா ஜன்னலோரமாகச் சாய்ந்து, மூத்த பிடியை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

யானைக்கு மட்டும் இல்லை இந்தக் காதுக்கெட்டாத வேலை. திரும்பும் வழியில் ஒரு மயில் தோகை விரித்து நின்றது. அது சிலிர்க்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 25 தடவை இறகுகள் நடுங்குகின்றன. அதில் நமக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியும் எழுகிறது. இறகெல்லாம் நடுங்க, கண்கள் மட்டும் ஆடாமல் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும்! இத்தனை வருஷம் மயிலைப் பார்த்திருக்கிறேன், இதைக் கவனித்தது அன்றைக்குத்தான்.

செந்நாய் பார்க்கக் கிடைக்கவில்லை. அதுகள் வேட்டையில் சிதறிப்போனால் ஒன்றையொன்று விசிலடித்துக் கூப்பிடும். அந்த விசிலாவது விழாதா என்று பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

புலியும் இல்லை. 2022 கணக்கெடுப்பில் முதுமலையில் 114 புலிகள். 114-ல் ஒன்றுகூடவா எங்களைப் பார்க்க வரக்கூடாது என்று சித்தி புலம்பினார். அப்போது வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டினார். அதன் அடிமரத்தில் புலி அடிக்கடி பீய்ச்சிவிட்டுப் போகுமாம். இது என் எல்லை, நான் இன்னார், இத்தனை நாளைக்கு முன் வந்தேன் என்று சக புலிக்கு எழுதி வைத்த கடிதம்.

அந்தக் கடிதத்தில் என்ன மணம் தெரியுமா? பாஸ்மதி அரிசி!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாஸ்மதிக்கு மணம் கொடுக்கிற அதே வேதிப்பொருள் புலி பீய்ச்சும் திரவத்திலும் இருக்கிறது. கண்டுபிடித்தவர் கொல்கத்தாவைச் சேர்ந்த ஆர்.எல். பிரம்மச்சாரி. 1990-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வழிகாட்டி இதைச் சொன்னதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டினோம். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அரிசி வாசத்தில் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் தீர்ப்பு.

கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "டீசல் வாசந்தான் வருது" என்றார். பிறகு, "அதுவும் பாஸ்மதியாம்ல. சீரகச் சம்பாவா இருந்தா மதிச்சிருப்பேன்."

திண்டுக்கல்காரனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்!

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காட்டு நெடுஞ்சாலையில் வண்டி விடமாட்டார்கள், விடியும் வரை. லாரிச் சத்தம் நின்றதும் இருட்டு இன்னும் கெட்டியானது போல இருந்தது. விடுதி வராந்தாவில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தோம். எத்தனை மணி என்று தெரியாது, வேலிக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து ஒரு குரல். "டாங்க்!" தகரத்தில் தட்டின மாதிரி, ஒற்றையாக. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். கடமான்.

ஒவ்வொருவராகத் தலை தூக்கினோம். 13 பேரில் 12 பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். பெரியப்பா பேசவில்லை. அத்தை பேசவில்லை. அப்பத்தா வாயில் இருந்த பாக்கை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார். பொதுவாகக் கடமான் சும்மா கத்தாது. அதன் மூக்குக்கு ஏதோ எட்டியிருக்கிறது.

அந்த நிசப்தத்தில் வராந்தாவின் கோடியிலிருந்து இன்னொரு சத்தம் கிளம்பியது. அடித்தொண்டையில் தொடங்கி, கரகரவென்று ஏறி, ஒரு நொடி நின்று, விசிலாக இறங்கியது.

சித்தப்பாவின் கடைக்குட்டி அப்பத்தாவின் மடிக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டு கேட்டான்: "அப்பத்தா, இது எதோட கால்?"

"அது மாமாடா. படு."